மெக்சிகோ பழைய கோயில் மரச் சுரூபம் டூர்: கைடுக்கு அஞ்சுக்கு அஞ்சு, கம்பெனிக்கு ரெண்டரை

மெக்சிகோ சிட்டில பழைய கோயில்கள்ல இருக்குற மரச் சுரூபங்கள மட்டும் ஒரு நாள் முழுக்க கூட்டிட்டு போய் காட்டுற டூர் ஒண்ணு இருக்குன்னு பாத்தப்ப, இதெல்லாம் யாரு காசு குடுத்து வருவாங்கன்னு தான் தோணுச்சு, ஏன்னா இங்க எல்லாவனும் விக்கிறது பிரமிட் டூர், டெக்கீலா டூர், சோச்சிமில்கோ படகு டூர் இந்த மூணு தான். ஆனா மாமியார் வந்திருந்தாங்க, அவங்களுக்கு பிரமிட் பக்கம் வெயில்ல நடக்க முட்டி ஒத்துழைக்காது, கோயில்னா மட்டும் எவ்ளோ நேரம் வேணா நிப்பாங்க, சரின்னு மூணு டிக்கெட் போட்டேன். கம்பெனி பேர் இங்க போடல, ஏன்னா அந்த கைடு அங்க தான் வேல பாக்குறாங்க, நான் கம்பெனிய திட்டுறதுக்கு அவங்க எதுக்கு வாங்கி கட்டிக்கணும்.

ஒரு ஆளுக்கு 1,900 பெசோ. கைடு, வேன், டெபொட்சோட்லான் மியூசியம் டிக்கெட், சாயங்காலம் ஒரு பட்டறைல டெமோ, இவ்ளோ தான் அதுல அடக்கம், மத்தியான சாப்பாடு நம்ம பாடு. பன்னெண்டு பேருக்கு மேல ஏத்த மாட்டோம்னு போட்டிருந்தாங்க, வேன்ல எண்ணிப் பாத்தா பதினாறு தலை. காலைல சொகலோ மைதானத்துல கதீட்ரல் வாசல்ல நிக்க சொன்னாங்க, கைடு அம்மா டயத்துக்கு முன்னாடியே வந்து நிக்கிறாங்க, ஆனா காதுல மாட்டுற ரிசீவர் பெட்டிய கொண்டு வர வேண்டிய ஆபீஸ் பையன் முக்கா மணி நேரம் லேட், வந்த ரிசீவர்ல பாதிக்கு சார்ஜ் இல்ல. கடைசில அந்தம்மா அத எல்லாம் பைல போட்டுட்டு, பக்கத்துல வந்து நில்லுங்கன்னு வெறும் தொண்டைலயே நாள் பூரா பேசினாங்க. ஆனா ஆளுக்கொரு சின்ன பைனாகுலர் குடுத்தாங்க பாருங்க, அது அவங்க சொந்த காசுல வாங்கினதாம், அது ஒண்ணு தான் இந்த டூரையே காப்பாத்துச்சு.

ஏன் பைனாகுலர்னா, இந்த கதீட்ரல்ல பின்னாடி கடைசில இருக்குற ராஜாக்கள் பீடம் கிட்டத்தட்ட 25 மீட்டர் உயரம். 1718ல ஆரம்பிச்சு 1737ல முடிச்சது, செஞ்சவர் ஹெரோனிமோ தே பால்பாஸ், ஸ்பெயின்ல இருந்து இதுக்காக வந்தவர். வெறும் கண்ணால பாத்தா ஒரு பெரிய தங்கக் குகை, அதுக்குள்ள யார் யாரோ நிக்கிறாங்க, அவ்ளோ தான் தெரியும், ரெண்டு செல்ஃபி எடுத்துட்டு எல்லாரும் போய்டுவாங்க. பைனாகுலர் வெச்சு பாத்தா தான் அதுல நிக்கிற ஒவ்வொருத்தரும் தனித்தனி ஆளுன்னு புரியுது, எல்லாருமே ராஜா ராணியா இருந்து புனிதரானவங்க, பிரான்ஸ் ராஜா லூயிஸ், ஹங்கேரி எலிசபெத், போர்த்துகல் எலிசபெத், ஸ்காட்லாந்து மார்கரெட்டுன்னு வரிசையா. தூண் எல்லாம் கீழ ஒல்லியா மேல அகலமா தலைகீழா நிக்கிற டிசைன், இங்க எஸ்திபிதேன்னு சொல்றாங்க, மெக்சிகோவுக்கு அத பெருசா கொண்டு வந்ததே இந்த பால்பாஸ் தான்னும் அதுக்கப்புறம் ஒரு அம்பது வருஷம் நாடு பூரா அதத்தான் செஞ்சு தள்ளினாங்கன்னும் சொன்னாங்க. பீடம் முழுக்க மரம், பெரும்பாலும் சிடார், அது மேல தங்க இலை. கல்லோ உலோகமோ இல்ல. நான் கொஞ்சம் நேரம் நம்பவே இல்ல.

முகத்துக்கு வந்தப்ப தான் அந்தம்மாவோட கெத்து தெரிஞ்சுது. சின்ன சுரூபம் ஒண்ணு, கைக்கு எட்டுற உயரத்துல, அது முன்னாடி நிறுத்தி, கண்ண பாக்காதீங்க, காதுக்கு முன்னாடி பாருங்கன்னாங்க. பாத்தா நெத்தி ஓரத்துல ஆரம்பிச்சு காதுக்கு முன்னாடி இறங்கி தாடை வரைக்கும் மயிரிழை கணக்கா ஒரு வெடிப்பு. விஷயம் என்னன்னா, தலைய செதுக்கி முடிச்சதும் முகத்த மட்டும் முகமூடி கணக்கா வெட்டி எடுத்துடுவாங்களாம், உள்பக்கம் குடைஞ்சு, பின்னாடி இருந்து கண்ணாடிக் கண்ண வெச்சு, திரும்ப பசை போட்டு ஒட்டி, மேல சுண்ணம் பூசி பெயிண்ட் அடிச்சிடுவாங்களாம். முன்னூறு வருஷத்துல மரம் விரிஞ்சு சுருங்கி அந்த ஒட்டு வாய பொளக்குது. இது தெரிஞ்சதுக்கு அப்புறம் எந்த சுரூபத்த பாத்தாலும் என் கண்ணு நேரா அந்த கோட்டுக்கு தான் போகுது, கும்பிட வந்தவனுக்கு இது நல்லதான்னு தெரியல, ஆனா பாக்க வந்தவனுக்கு அமோகம்.

கதீட்ரல்ல சுரூபம் எல்லாம் இன்னும் வேலைல இருக்கு, அதாவது சனங்க அதுங்ககிட்ட டெய்லி வேலை வாங்குறாங்க. ரமோன் நொனாதோன்னு ஒரு புனிதர், அவர் வாய்ல பூட்டு போட்டு சித்திரவதை பண்ணாங்கன்னு கத, அதனால ஊர் வாய அடக்கணும்னா அவர் கிட்ட பூட்டு கொண்டு வந்து மாட்டுறாங்க, கலர் கலர் ரிப்பனோட கொத்துக் கொத்தா தொங்குது. லெபனான் புனிதர் சார்பெல்லுக்கு ரிப்பன்ல வேண்டுதல் எழுதி போடுறாங்க, அது புதுசு தான், பழைய மரவேலை எல்லாம் கிடையாது, ஆனா கூட்டம் அங்க தான். கக்காவோ ஆண்டவர்னு உக்காந்த நிலைல ஒரு 16ம் நூற்றாண்டு சுரூபம், அந்த காலத்துல கக்காவோ கொட்டை தான் இங்க சில்லறைக்காசு, அத தான் காணிக்கையா போட்டாங்களாம். அப்புறம் அந்த கருப்பு பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவைல தொங்குற ஏசு, விஷத்தின் ஆண்டவர்னு பேர். டெய்லி வந்து பாதத்த முத்தம் பண்ற ஒரு நல்ல மனுஷன கொல்ல, எதிரி ஒருத்தன் பாதத்துல விஷம் தடவி வெச்சானாம், சுரூபம் அந்த விஷத்த தானே இழுத்துக்கிட்டு கருப்பாயிடுச்சாம். மாமியார் இத கேட்டதும் அப்படியே நின்னுட்டாங்க.

"மாப்ள, நீங்க போய்க்கிட்டே இருங்க, நான் ஒரு பத்து மணி செபம் சொல்லிட்டு வர்றேன்."

"அத்தை, வேன் கிளம்பிடும்."

"கிளம்பட்டும், இவர விட்டுட்டு அப்புறம் எங்க பாக்கப் போறேன்."

கைடு அம்மாவுக்கு தமிழ் ஒரு எழுத்து தெரியாது, ஆனா நிலைமை புரிஞ்சுடுச்சு, மத்தவங்கள மன்னிப்பு பீடம் பக்கம் தள்ளிட்டு போய் அங்க 1967ல ராத்திரில தீப்பிடிச்சு கருகினத எப்படி திரும்ப சரி பண்ணாங்கன்னு ஒரு கத ஓட்டி, அத்தை செபம் முடிக்கிற வரைக்கும் டயம் வாங்கிக் குடுத்தாங்க. கம்பெனி அட்டவணைல இதுக்கெல்லாம் இடமே கிடையாது, கதீட்ரல் மொத்தத்துக்கும் ஒரு மணி நேரம், அதுல முக்கா மணி ரிசீவர் பெட்டிக்கே போச்சு.

அப்புறம் வேன். டெபொட்சோட்லான் வடக்க ஒரு 40 கிலோமீட்டர், கெரெதாரோ ஹைவே பக்கம், தூரம் ஒண்ணும் இல்ல, ஆனா இந்த ஊர் ட்ராஃபிக்க பத்தி சொல்லணுமா. ஏசி வேலை செய்யல. ஆனா எனக்கு அந்த வேன் நேரம் தான் நாளோட பெஸ்ட் பகுதின்னு கூட சொல்லுவேன், அந்தம்மா முன் சீட்ல திரும்பி உக்காந்துக்கிட்டு போட்டோ பிரிண்ட் ஒவ்வொண்ணா கை மாத்தி விட்டு கத சொல்ல ஆரம்பிச்சாங்க.

மொதல்ல சோளத்தட்டை. மிச்சோவாகான்ல புரேபெச்சா சனங்க, ஸ்பானியர் வர்றதுக்கு முன்னாடியே சோளத்தட்டையோட உள் சோற அரைச்சு, ஆர்க்கிட் கிழங்குல இருந்து எடுத்த பசைல குழைச்சு சாமி உருவம் செஞ்சிருக்காங்க, போருக்கு போகும்போது தூக்கிட்டு போக லேசா இருக்கணும்னு. பாதிரியார்ங்க வந்து அத பாத்துட்டு இதே டெக்னிக்ல பாடுபட்ட சுரூபம் செய்ய சொல்லிட்டாங்க. ஆள் உயர சுரூபம், ஆனா ஏழெட்டு கிலோ கூட வராது, பவனில ஒருத்தரே தூக்கலாம். பாட்ஸ்குவாரோல இருக்குற ஆரோக்கிய மாதா இப்படி செஞ்சது தான், பிஷப் வாஸ்கோ தே கிரோகா 1540 வாக்குல செய்ய வெச்சது, இன்னிக்கும் பீடத்துல இருக்கு. இன்னும் சூப்பர் என்னன்னா இந்த சுரூபங்களுக்கு உள்ள எலும்புக்கூடா வேண்டாத காகிதத்த சுருட்டி வெச்சிருக்காங்க, மெஹிகால்ட்சிங்கோ கிறிஸ்துவ 1940கள்ல திறந்து பாத்தப்ப உள்ள பழங்குடி ஓவிய எழுத்துல வரிக்கணக்கு எழுதின தாள் இருந்துச்சாம். அந்த கால பழைய பேப்பர் தான், ஆனா இன்னிக்கு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அது புதையல்.

ரெண்டாவது பல்லு. இது கேட்டு வேன்ல பாதி பேர் முகம் சுளிச்சாங்க. டெபொட்சோட்லானுக்கு அந்தப் பக்கம் சும்பாங்கோ ஏரியால சான் பார்தோலோ குவாவ்ட்லால்பான்னு ஒரு ஊர், அங்க பொறுமையின் ஆண்டவர்னு ஒரு 18ம் நூற்றாண்டு சுரூபம், பாடுகளுக்கு முன்னாடி உக்காந்து காத்திருக்குற ஏசு. அத ரிப்பேருக்கு எடுத்தப்ப எக்ஸ்ரே எடுத்திருக்காங்க, 2014ல செய்தி வந்துச்சு, வாய்க்குள்ள இருக்குற எட்டு பல்லும் நிஜ மனுஷப் பல்லு, வேரோட. பொதுவா மிருகப் பல்லு வெப்பாங்க, இல்ல எலும்புல செதுக்குவாங்க, முடி நிஜ மனுஷ முடி வெக்கிறது சகஜம், ஆனா பல்லு வேரோட அவ்ளோ நல்லா இருக்குறது அபூர்வம். யாரோ காணிக்கையா குடுத்திருக்கலாம்னாங்க. எக்ஸ்ரே பிரிண்ட் கைக்கு வந்தப்ப நான் ரொம்ப நேரம் வெச்சுக்கிட்டு இருந்தேன், பின் சீட் ஆள் முதுகுல தட்டினப்புறம் தான் குடுத்தேன்.

டெபொட்சோட்லான். இது முன்ன இயேசு சபைக்காரங்க காலேஜ், 1767ல ஸ்பெயின் ராஜா அவங்கள ஒட்டுமொத்தமா நாடு கடத்தினார், பின்னாடி 1964ல வைஸ்ராய் கால தேசிய மியூசியமா திறந்தாங்க. 2010ல யுனெஸ்கோ லிஸ்ட்லயும் வந்துச்சு, வடக்க வெள்ளிச் சுரங்கங்களுக்கு போன பழைய ராஜபாட்டையோட ஒரு பகுதியா. உள்ள இருக்குற கோயில் நம்ம சவேரியாருக்கு. முத்துக்குளித்துறைல கடற்கரை கடற்கரையா நடந்த அதே சவேரியார், இங்க நடு பீடத்துல தங்கத்துக்கு நடுவுல நிக்கிறார், அத்தைக்கு தெரிஞ்ச முகம் ஒண்ணு கிடைச்ச சந்தோஷம் சொல்லி மாளாது. ஒரு பக்கம் இஞ்ஞாசியார், இன்னொரு பக்கம் சூசையப்பர், குவாதலூப்பே மாதா, ஞானப்பிரகாசியார்னு ஒவ்வொருத்தருக்கும் தனி பீடம், எல்லாமே 1750கள்ல செஞ்சது, மரவேலை இஹினியோ தே சாவெஸ், பிளான்ல ஓவியர் மிகேல் கப்ரேராவுக்கும் பங்கு. சுவர்னு ஒண்ணு கண்ணுக்கே தெரியாது, தரைல இருந்து மேல வரைக்கும் தங்கம் தான். அந்த காலத்துல செஞ்ச இந்த மாதிரி பீடங்கள்ல நிறைய, அடுத்த தலைமுறைக்கு இது ஓல்ட் ஃபேஷன்னு தோணி கழட்டி எறிஞ்சுட்டாங்க, வெள்ளைக்கல்லு தூணு தான் நாகரிகம்னு ஆயிடுச்சு, அதனால தான் இப்படி முழு செட்டா ஒரே இடத்துல மிஞ்சினது பெரிய விஷயம்.

இங்க தான் துணி வேலை பாக்கணும். சுரூபத்தோட அங்கிய கிட்ட போய் பாத்தீங்கன்னா ஜரிகை போட்ட பட்டு கணக்கா இருக்கும், பூ, கொடி, கோடு கோடா மின்னும், தொட்டா துணி மடிப்பு அமுங்கிடும்னு தோணும். மரம். அது எப்படின்னு சாயங்கால பட்டறைல காட்டினாங்க, கீழ சொல்றேன். இன்னொரு வகையும் இருக்கு, தலையும் கையும் மட்டும் செதுக்கி, கீழ வெறும் மரச்சட்டம், அதுக்கு மேல நிஜ துணி உடுத்துறது. வியாகுல மாதா பெரும்பாலும் இப்படி தான், கருப்பு வெல்வெட், கைல லேஸ் கைக்குட்டை, மாதாவுக்கு பட்டுச்சேலை சாத்துற அதே பக்தி தான் இங்கயும், உடுத்தி விட ஊர்ல குறிப்பிட்ட பொம்பளைங்களுக்கு மட்டும் தான் உரிமையாம், ஆம்பளைங்க அந்த நேரம் உள்ள வரக்கூடாது.

அத்தை கேட்டாங்க, "ஏன் மாப்ள, இவ்ளோ பெரிய கோயில்ல பூசை கிடையாதா? ஒரு மெழுகுவர்த்தி கூட காணோம்." மியூசியம் ஆக்கிட்டாங்க அத்தை, பக்கத்துல பங்குக்கோயில் தனியா இருக்குன்னேன். "அப்ப இவங்க எல்லாம் சும்மா நிக்கிறாங்களா"ன்னாங்க. இத கைடு அம்மாவுக்கு இங்கிலீஷ்ல மாத்தி சொன்னேன், அவங்க சிரிக்கல. மெழுகுவர்த்தி புகை, எண்ணெய்க் கை, வருஷா வருஷம் பக்தியோட மேல மேல அடிக்கிற எனாமல் பெயிண்ட், இது மூணும் தான் ஊர்க்கோயில் சுரூபத்தோட எதிரி, ஆனா யாரும் தொடாத சுரூபத்த கரையான் அரிச்சா கூட யாரும் கவனிக்க மாட்டாங்க, டெய்லி தொட்டுக் கும்பிடுற பாட்டி தான் மொதல்ல கண்டுபிடிப்பான்னாங்க. 2017 செப்டம்பர் பூகம்பத்துல பூயெப்லா, மொரேலோஸ் பக்கம் கோயில் கோயிலா இடிஞ்சப்ப, இடிபாட்டுக்குள்ள போய் சுரூபத்த தூக்கிட்டு வந்தது ஊர்க்காரங்க தான். நான் இதுல எந்தப் பக்கம்னு கேட்டா, மியூசியம் பக்கம் தான், கண்ணாடிக் கண்ணு இருக்குற முகத்துல எனாமல் அடிச்சத போட்டோல பாத்தேன், ரத்தம் கொதிக்குது. அத்தை பாட்டி பக்கம்.

கோயில ஒட்டினாப்ல லொரேட்டோ வீடுன்னு ஒரு சின்ன சேப்பல், அதுக்கு பின்னாடி கமரின், அதாவது மாதா சுரூபத்துக்கு உடை மாத்துற அறை. எட்டு பக்கம் உள்ள குட்டி அறை, நிமிந்து பாத்தா கூரைய அதிதூதருங்க தாங்கி நிக்கிறாங்க, அதுக்கு மேல இன்னொரு அடுக்கு, அதுக்கு மேல இன்னொண்ணு, கலரும் தங்கமும் சிப்பியும் பூவும், கழுத்து வலிக்கிற வரைக்கும் பாக்கலாம். இங்க எங்களுக்கு கிடைச்சது பத்து நிமிஷம் கூட இல்ல. பதினாறு பேர் உள்ள நின்னா அடுத்தவன் தலை தான் தெரியும், ரெண்டு பாதியா பிரிச்சு விட்டாங்க, டிரைவர் போன் மேல போன். மாடில தந்தத்துல செஞ்ச சுரூபங்கள் இருக்கு, மணிலா கப்பல்ல பசிபிக் தாண்டி அகாபுல்கோவுக்கு வந்தது, ஆசியாக்கார செதுக்குனர் கையால, அதனால மாதா கண்ணு லேசா சீனக் கண்ணு. அத ஓடிக்கிட்டே பாத்தோம். தோட்டத்துல பழைய சால்தோ தெல் அகுவா நீரூற்று, மெக்சிகோ சிட்டிக்கு தண்ணி வந்த வாய்க்காலோட கடைசில இருந்தது, ஒரிஜினல் இங்க தான் இருக்கு, அத பாக்கவே இல்ல, வேன்ல ஏறினப்புறம் தான் கைடு வாய தவறி சொன்னாங்க.

சரி, இவ்ளோ அவசரமா எங்க போனோம்னு நெனைக்கிறீங்க? கடைக்கு. டூர் பக்கத்துல ஒரு வரி கூட எழுதல, "பாரம்பரிய கைவினை நிறுத்தம்"னு மட்டும் இருந்துச்சு. ஹைவே ஓரம் ஒரு பெரிய கடை, முக்கா மணி நேரம் அங்க. கமரின்ல வெட்டின நேரம் எங்க போச்சுன்னு அப்ப தான் புரிஞ்சுது. விக்கிறவர் என்கிட்ட அந்தோணியார் சுரூபம் ஒண்ண காட்டி, பதினெட்டாம் நூற்றாண்டு, ஒரு பழைய பண்ணை வீட்டு சேப்பல்ல இருந்து வந்தது, 14,000 பெசோன்னார். நாள் பூரா பைனாகுலர் வெச்சு பாத்துட்டு வந்தவன்கிட்ட வந்து இத சொல்றாரு. புழு ஓட்டை எல்லாம் ஒரே சைஸ், நேர் நேரா, டிரில் போட்டது, நிஜ புழு உள்ள வளைஞ்சு வளைஞ்சு போகும், ஒண்ணு குண்டூசி, ஒண்ணு தீக்குச்சி தடிமன்னு கலந்து தான் இருக்கும். முதுகு பக்கம் திருப்பினா மொழுமொழுன்னு மெஷின் வாள் வெட்டு, பழைய சுரூபம்னா பெரும்பாலும் முதுக உளியால குடைஞ்சு எடுத்திருப்பாங்க, எடை குறையவும், நடு மரம் காஞ்சு வெடிக்காம இருக்கவும். விரல் பத்தும் முழுசா. முன்னூறு வருஷ சுரூபத்துல மொதல்ல போறதே விரல் தான்.

சரி, பழசாவே இருந்தா தான் என்ன? 1972 சட்டப்படி கோயில்கள்ல இருந்த அந்த கால சுரூபங்க எல்லாம் வரலாற்றுச் சின்னம், இனா-ன்னு சொல்ற தேசிய மானுடவியல் வரலாற்று நிறுவனம் பொறுப்பு, அனுமதி இல்லாம நாட்ட விட்டு கொண்டு போக முடியாது. பூயெப்லா, த்லாக்ஸ்காலா பக்கம் கோயில்ல சுரூபம் திருடு போறது இன்னும் நடக்குது. அப்ப அந்த சுரூபம் டுபாக்கூர்னா நாம ஏமாளி, நிஜம்னா திருட்டுப் பொருள் வாங்கினவன், எப்படிப் பாத்தாலும் ஏர்போர்ட்ல நமக்கு தான் சங்கு. கைடு அம்மா கடைக்குள்ளயே வரல, வெளிய நின்னு எலோத்தே, அதான் சோளக்கதிர், சாப்டுக்கிட்டு இருந்தாங்க, அதுலயே பதில் இருக்கு.

கடைசில பட்டறை, இதுக்கு மட்டும் தனியா காசு கேட்டா கூட குடுப்பேன். சிட்டிக்குள்ள ஒரு பழைய வீட்டு முன்னறை, சுரூபம் ரிப்பேர் பண்ற ஒரு பெரியவர், சுருபுஸ்கோ கான்வென்ட்ல இருக்குற தேசிய ரெஸ்டோரேஷன் ஸ்கூல்ல படிச்ச ஒரு பொண்ணு. ஒரு கை அளவு சிடார் பலகை, அதுல ஏற்கனவே விலங்குப் பசையும் ஜிப்சமும் கலந்து அடுக்கடுக்கா பூசி, தேய்ச்சு, முட்டை ஓடு கணக்கா வழவழன்னு வெச்சிருக்காங்க. அது மேல செம்மண் நிறத்துல ஒரு களிமண் பூச்சு. பெரியவர் அத லேசா ஈரம் பண்ணி, ஒரு அகல பிரஷ்ஷ தன் கன்னத்துல ஒரு தடவு தடவி, அந்த எண்ணெய்ப் பசைல தங்க இலைய தூக்கி, பலகைக்கு ஒரு விரல்கடை மேல கொண்டு போனதும் இலை தானா குதிச்சு ஒட்டிக்கிச்சு. அந்த நேரம் யாரும் மூச்சு விடக்கூடாது, தும்மினா முந்நூறு பெசோ காத்துல போயிடும்னார். அப்ப அது மங்கலா மஞ்சள் பேப்பர் கணக்கா தான் இருக்கு, காஞ்சதும் நாய்ப்பல்லு வடிவத்துல ஒரு அகேட் கல்லு, அத வெச்சு தேய்க்க தேய்க்க தான் பளபளப்பு வருது, கீழ இருக்குற செம்மண் அதுக்கு ஒரு சூடான நிறம் குடுக்குது.

அதுக்கப்புறம் தான் வயித்தெரிச்சல், அவ்ளோ பாடுபட்டு ஒட்டின தங்கத்து மேல முட்டைக் கருல குழைச்ச நீலப் பெயிண்ட்ட முழுசா பூசி மூடிட்டார். குரூப்ல ஒருத்தர் சத்தமாவே ஐயோன்னாரு. பெயிண்ட் காஞ்சதும் என் கைல ஒரு கூரான மரக்குச்சிய குடுத்து கீறுங்கன்னார். கீறுனா கோடு கோடா தங்கம் எட்டிப் பாக்குது, குறுக்குக் கோடு போட்டா ஜரிகை, புள்ளி வெச்சா பூ. உலோக ஊசினா தங்கத்தையும் கிழிச்சிடும், அதனால மரக்குச்சி தான். காலைல ராஜாக்கள் பீடத்துல பைனாகுலர்ல பாத்த ராணியோட அங்கி முழுக்க இந்த கீறல் தான், 25 மீட்டர் உயரத்துல யாருக்கும் தெரியாத இடத்துல கூட. இதுக்கு பேர் எஸ்தோஃபாதோ. முகத்துக்கு மட்டும் தனி வேலை, எண்ணெய்ப் பெயிண்ட்ட அடுக்கடுக்கா போட்டு, ஆட்டு நீர்ப்பைய ஈரமா விரல்ல சுத்தி தேய்ச்சு எடுப்பாங்களாம், அதான் பழைய முகம் எல்லாம் பீங்கான் கணக்கா வேர்வை மினுமினுப்போட இருக்கு. செதுக்குறவர் ஒருத்தர், தங்கம் வெக்கிறவர் ஒருத்தர், பெயிண்ட் ஒருத்தர், அவனவன் வேலைய அவனவன் தான் செய்யணும்னு 1550, 60கள்லயே மெக்சிகோ சிட்டில சங்க விதி எல்லாம் போட்டுட்டாங்க, ஆனா பெரும்பாலான சுரூபத்துல ஒருத்தர் பேரும் இருக்காது.

இங்கயும் அரை மணி நேரம் தான். பெரியவர் நாங்க கிளம்பும்போது விரல் ஒட்டுறத காட்ட ஒரு உடைஞ்ச கைய எடுத்து வெச்சாரு, அத பாக்கறதுக்குள்ள டிரைவர் ஹார்ன் அடிச்சுட்டான்.

இப்ப புக் பண்ணலாமான்னா: ஸ்பானிஷ் தெரியாது, இந்த விஷயத்துல ஆனா ஆவன்னா தெரியாதுன்னா, பண்ணுங்க, அந்த அம்மா வர்ற நாளான்னு மொதல்லயே கேட்டு உறுதி பண்ணிட்டு. அவங்க இல்லேன்னா இது 1,900 பெசோவுக்கு ஒரு சூடான வேன், அவ்ளோ தான். தானா போகணும்னா ரொம்ப சுலபம், கதீட்ரல் உள்ள போக காசு கிடையாது, டெபொட்சோட்லானுக்கு புயனாவிஸ்தா ஸ்டேஷன்ல இருந்து சபர்பன் ட்ரெயின் பிடிச்சு குவாவ்டிட்லான்ல இறங்கி அங்க இருந்து டாக்சி, மியூசியம் திங்கக்கிழமை லீவு, ஞாயித்துக்கிழமை உள்ளூர்க்காரங்களுக்கு இலவசம்கிறதால கூட்டம் இருக்கும், ஒரு சாதா நாள் காலைல போனா கமரின்ல நீங்க மட்டும் தான். பைனாகுலர் மறக்காதீங்க, ஃப்ளாஷ் போடாதீங்க. நேரம் மிச்சம் இருந்தா சோச்சிமில்கோல படக விட்டுட்டு பக்கத்துல இருக்குற சான் பெர்னார்தினோ கோயிலுக்கு போங்க, 16ம் நூற்றாண்டு பெரிய பீடம் அப்படியே நின்ன இடங்க இந்த நாட்டுல விரல் விட்டு எண்ணிடலாம், அதுல ஒண்ணு அது, இன்னொண்ணு பூயெப்லா போற வழில ஹூயெஹோட்சிங்கோல, 1586ல முடிச்சது. இந்த கம்பெனி ரெண்டையும் சேக்காம கடைக்கு கூட்டிட்டு போறது தான் எனக்கு ஆறவே இல்ல.

கம்பெனிக்கு மெயில் போட்டேன். ரிசீவருக்கு மன்னிப்பு கேட்டாங்க, கடை பத்தி மூச்சு விடல. கடைய தூக்கிட்டு டெபொட்சோட்லானும் பட்டறையும் மட்டும், நாள் பூரா, அந்த அம்மாவோட போட முடியுமான்னு திரும்ப கேட்டதுக்கு, குறைஞ்சது ஆறு பேர் இருந்தா தனி வேன் போடுறோம்னு பதில் வந்திருக்கு. நாங்க மூணு பேர் ரெடி, அத்தை டிக்கெட்ட தள்ளிப் போட்டாச்சு, இன்னும் மூணு பேர் வேணும்.